இறந்தவர்கள் தரப்பு

எங்கள் வாசிப்பு வட்டத்தில் யாரும் தன் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டாத விதி அது. மீறியவர் அன்றைக்கு எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவோம். ஒரு மாதம் பெரம்பலூர், மறுமாதம் அரியலூர். பெரம்பலூரில் வக்கீலம்மாவின் ஆபீஸ். கீழே விதைக்கடை, மேலே அவர். அரியலூரில் பாயின் மருந்துக்கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறை. அரசு என்பது எங்கிருந்து வந்தது, மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள், யார் ஆளலாம் என்று உலகத்தில் யார் யார் என்னென்ன நினைத்தார்கள் என்பதை முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது எங்கள் திட்டம். வரிசையைப் போட்டது நான். சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண். வரிசை போடாமல் எனக்கு எதுவும் ஓடாது.

நிலையாக வந்தவர்கள் நான்கு பேர்: வக்கீலம்மா, பாய், நான், கண்டக்டர். மற்றவர்கள் ஒரு கூட்டத்துக்கு வருவார்கள், தலையாட்டுவார்கள், அடுத்த கூட்டத்துக்கு ஊரில் கல்யாணம் என்பார்கள்.

தொடங்கிய புதிதில் அந்த விதி இல்லை. ஒவ்வொரு கூட்டமும் சண்டையில் முடிந்தது. படித்தது ஏதோ ஒரு பழங்கால நகரத்துக் குடியாட்சியைப் பற்றி. சண்டை போன உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி. எங்கள் பக்கத்தில் ஒருவர் ‘எனக்கு என்ன தோணுதுன்னா’ என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் மனதுக்குள் அலச ஆரம்பித்துவிடுவார். இந்த ஆள் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு, அந்தத் தெருவில் எந்தக் கொடி. கருத்து வாயைவிட்டு வெளியே வருவதற்குள் அதன் முகவரி வந்துவிடும். பிறகு கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் வக்கீலம்மா மேசையைத் தட்டினார்.

“கோர்ட்ல நான் எனக்காகவா பேசுறேன்? கட்சிக்காரருக்காகத்தான பேசுறேன். இங்கயும் அப்படியே பேசிட்டுப் போவோம். ஆளுக்கு ஒருத்தர எடுத்துக்குங்க. அவருக்காகப் பேசுங்க. சொந்தக் கதைய வெளிய வச்சுட்டு வாங்க.”

“எந்தக் கட்சிக்காரருன்னு முதல்லயே சொல்லிடுங்கம்மா. நான் கடை வச்சிருக்கேன்,” என்றார் பாய்.

அப்படித்தான் ‘ஆள் எடுப்பது’ எங்களுக்குள் வழக்கமானது. அரையாண்டுக்கு ஒருமுறை சீட்டு எடுப்போம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சிந்தனையாளர். கூட்டம் தொடங்கியதும் ‘நான்’ என்று சொன்னால் அந்த ஆள்தான். ‘அவர் என்ன சொல்றாருன்னா’ என்று சொல்லிவிட்டால் போண்டா. அரையாண்டு முடியும்போது ‘விட்டுட்டேன்’ என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அந்த ஆளை இன்னொருவர் எடுக்கலாம்.

இது நன்றாகவே நடந்தது. ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற பாய், மதம் என்பது அரசர்கள் கையிலிருக்கும் கயிறு என்று சொன்ன ஒருவருக்காக அரையாண்டு முழுவதும் வாதாடினார். பேசி முடித்ததும் தொப்பியைத் தேடுவார். “மேல இருக்கறவனுக்குத் தெரியும், இது வக்கீல் வேலைன்னு,” என்பார். எனக்கு, உள்நாட்டுப் போரைக் கண்டு நடுங்கிப்போய் எல்லா அதிகாரத்தையும் ஒருவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று சொன்னவர் வந்தார். அவருக்காகப் பேசும்போது எனக்கே வராத ஒரு நிச்சயம் என் குரலில் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த நிச்சயம் கொஞ்ச தூரம் கூடவே வரும். கருடமங்கலம் தாண்டும்போது போய்விடும்.

கண்டக்டருக்கு வந்த சீட்டு வேறு. பக்கத்து நாட்டில் அரசன் தலையை வெட்டி, பழையதையெல்லாம் தூக்கி எறிந்ததைப் பார்த்துப் பதறிய ஒருவர் அவர். நாடு என்பது இப்போது உயிரோடு இருப்பவர்கள் மட்டும் பேசி முடிக்கிற விஷயமல்ல, போனவர்களும் இனி வரப்போகிறவர்களும் அதில் பங்காளிகள் என்பது அவருடைய வாதம். அதை நாங்கள் ‘இறந்தவர்கள் தரப்பு’ என்று அழைத்தோம். அதற்கு நேர் எதிரானவர் வக்கீலம்மாவுக்கு வந்தார். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தானே எஜமான், கல்லறைக்குள்ளிருந்து யாரும் உத்தரவு போட முடியாது என்றவர்.

கண்டக்டர் அரசுப் பேருந்தில் வேலை பார்த்தார். ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். அஞ்சல் வழியில் வரலாறு படித்தவர். டூட்டி முடிந்த கையோடு காக்கிச் சட்டையிலேயே சில ஞாயிறுகளில் வந்துவிடுவார். நெரிசலில் முன்படியில் நின்றபடி கடைசி இருக்கை வரைக்கும் எட்டவைக்கிற குரல். அந்தச் சிறிய அறையில் அவர் பேசினால் மருந்துப் பெட்டிகள் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

நான் எல்லாக் கூட்டங்களையும் போனில் பதிவு செய்து, வராதவர்களுக்காகக் குரூப்பில் போட்டுவிடுவேன். கண்டக்டருடைய மிக நல்ல பேச்சு ஒரு மாசி மாதத்துக் கூட்டத்தில் நடந்தது. அந்தப் பழைய ஐரோப்பிய வாதத்தை அவர் தன் சொந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எங்க கொல்லையில நிக்கிற முந்திரி மரம் எங்க தாத்தா வச்சது. அவரு போயிச் சேந்துட்டாரு. ஆனா பங்குனி ஆனா நான் குனிஞ்சு கொட்டை பொறுக்குறேன்ல? அப்ப அந்தக் கொல்லையப் பத்தி முடிவு எடுக்கறப்ப அவருக்கு ஒரு ஓட்டு இல்லையா? பிரிக்கலாம், விக்கலாம்னு நான் பாட்டுக்குச் சொன்னா, இன்னும் பொறக்காதவன் வந்து கேப்பானே, என்னோடத விக்க நீ யாருடான்னு? அவனுக்கு யாரு பதில் சொல்றது? என் கைக்கு வந்தது என்னுது இல்லைங்க. நான் காவக்காரன். காவக்காரன் கொல்லையப் பிரிக்க முடியாது.”

நாங்கள் கை தட்டினோம். எதிர்த்தரப்பு வக்கீலம்மாவே தட்டினார். அடுத்த மாதம் கண்டக்டர் வெட்கத்தோடு சொன்னார்: “அந்த ஆடியோவ வீட்டு குரூப்ல போட்டு விட்டேன். எங்க அண்ணன் மூணு கும்புடு போட்டு அனுப்பியிருக்காரு. எதுக்கும் அசையாத மனுசன்.”

அந்த அரையாண்டு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். கும்பகோணம் ட்ரிப் முடித்து டிப்போ ஓய்வறையில் சற்றுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நாங்கள் மூவரும் போய் மாலை வைத்துவிட்டு வந்தோம். அவர் மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு மகள். அண்ணன் தலையை மழித்துக்கொண்டு எல்லாக் காரியங்களையும் செய்தார்.

அடுத்த கூட்டத்தில் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் வரிசையாக ‘விட்டுட்டேன்’ சொன்னோம். சொல்லி முடித்ததும் ஒரு சீட்டு மிச்சமிருந்தது.

“அந்த ஆள யாரு எடுத்துக்கறது?” என்றார் வக்கீலம்மா.

“அவர் இன்னும் விடலையே,” என்றார் பாய்.

பாய் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நாங்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இறந்தவர்கள் தரப்பு கண்டக்டரிடமே இருந்துவிட்டது. வக்கீலம்மாவும், ‘அவரில்லாம எனக்கு ஆள் மாத்தத் தோணல’ என்று தன்னுடையவரையே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கல்லறைக்கு அதிகாரமில்லை என்று வக்கீலம்மா பேசிக்கொண்டே போவார். கண்டக்டர் வழக்கமாகக் குறுக்கே பாய்கிற இடம் வந்ததும் நிறுத்துவார். வேண்டுமென்று நிறுத்துவதில்லை. பாயும் நானும் அதே இடத்தில் காலி நாற்காலியின் பக்கம் திரும்பியிருப்போம். அவர் ஒரு வாக்கியம் சொல்வதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் யாரும் பேசமாட்டோம். பிறகு வக்கீலம்மா, ஒரு பதிலைக் கேட்டவர்போல, தொடர்வார். பதிவுகளில் அந்த இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன. ஆலை பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்கும்போது, மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும் அந்த இடங்களில் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும்.

ஆய்வுக்கூடத்திலும் அது என்னை விடவில்லை. சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக் கல் மாதிரியில் சிப்பி பதிந்திருக்கும். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடல். உடைத்து, பொடித்து, எரித்து, அளந்து எழுதுவது என் வேலை. முன்பெல்லாம் சிப்பி இருந்தால் இருக்கும், அவ்வளவுதான். இப்போது அதைத் தட்டுக்குள் போடுவதற்கு முன் கை ஒரு கணம் நிற்கிறது, யாரிடமோ அனுமதி கேட்பதுபோல.

பெரம்பலூர் மாதம் ஒன்றில், கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்டக்டரின் மனைவி வாசலில் நின்றார்.

“உள்ள வரலாங்களாக்கா?” என்று வக்கீலம்மாவைக் கேட்டார்.

பாய் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவசரத்தில் இழுத்தது அந்தக் காலி நாற்காலியை. வந்தவர் அதில் உட்கார்ந்தார்.

அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன் ஆய்வக டெக்னீசியன் படிப்பு படித்திருக்கிறார். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. மகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, இங்கேயே குடியிருக்க வேண்டும். கொல்லை நிலத்தில் கணவர் பங்கைப் பிரித்துக் கொடுத்தால், விற்று, ஊருக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு பார்க்கலாம். பிரிக்க அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடமாட்டேன் என்கிறார்.

“சட்டப்படி உனக்குப் பங்கு உண்டும்மா. நோட்டீஸ் அனுப்பிச்சா போதும்,” என்றார் வக்கீலம்மா.

“தெரியும்க்கா. கோர்ட்டுக்குப் போனா கொல்லை வந்துரும். எம் பொண்ணுக்குப் பெரியப்பான்னு ஒருத்தர் இல்லாமப் போயிருவாரு. அவரு கெட்டவரு இல்லக்கா. இவரு போனதுலேருந்து அவ ஸ்கூல் பைய அவருதான் தூக்கிட்டுப் போறாரு. அவரா மனசு வச்சுக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா வேணாம்.”

“அவரு என்னதான் சொல்றாரு?” என்றேன்.

“அவரு எதுவும் சொல்றதே இல்லையே. நான் வாயத் தொறந்தா போன எடுத்து இவரு பேசுனதப் போட்டு விட்டுருவாரு. காவக்காரன் கொல்லையப் பிரிக்க முடியாதுன்னு. வூடே கேக்குற மாதிரி, ஸ்பீக்கர்ல. செத்தவரு வந்து எனக்கு எதுத்தாப்புல நிக்கிறாரு. நான் யாருகிட்டக்கா சண்டை போடறது?”

அறைக்குள் வெயில் குறைந்திருந்தது. கீழே விதைக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். அவரு நெஜமா என்ன நெனச்சாருன்னு. உங்ககிட்டச் சொல்லியிருப்பாருல்ல? வருசக்கணக்கா பேசியிருக்கீங்க.”

நான் மனதுக்குள் தேடினேன். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்த்தேன். அவர் தூக்கிப் பிடித்த வாதங்கள் எனக்குத் தெரியும். எதற்கு மடங்குவார், எங்கே மடங்காமல் நிற்பார், எந்த உதாரணத்தை எப்போது எடுப்பார் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அவையெல்லாம் சீட்டில் வந்தவர்களுடையவை. தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று தெரியாது. கடவுளை நம்பினாரா என்று தெரியாது. தன் கொல்லையை, தன் அண்ணனை, தன் வேலையைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரியாது. பாயைப் பார்த்தேன்.

“டீயில சர்க்கரை கம்மியா வேணும்பாரு,” என்றார் பாய் மெதுவாக. “வேற எதுவும் எனக்குத் தெரியலம்மா.”

“அப்ப இத்தன நாளா என்னதான் பேசுனீங்க?”

“பேசுனோம்,” என்றார் வக்கீலம்மா. “அவர அவரா பேச நாங்க விடல.”

இருந்தாலும், வந்து விவரத்தைச் சொல்வதாக ஒப்புக்கொண்டோம். அது கண்டக்டருடைய கருத்து இல்லை, அவர் எடுத்திருந்த ஆளுடைய கருத்து என்றாவது சொல்லலாம் அல்லவா.

அடுத்த ஞாயிறு காலையில் ஜெயங்கொண்டம் போய் அங்கிருந்து ஆண்டிமடம் பஸ் பிடித்தோம். முந்திரிப் பருவம். சாலையின் இரண்டு பக்கமும் செம்மண்ணில் பழம் விழுந்து புளித்த வாடை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் இளைஞர்; எங்கள் பக்கம் வந்து “எங்க போகணும்?” என்று கேட்ட குரல் உரக்கத்தான் இருந்தது. பாய் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

வீட்டு வாசலில் சாக்கு விரித்துக் கொட்டை காயப்போட்டிருந்தது. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துண்டால் துடைத்துப் போட்டார். தம்பியைவிட உயரம் குறைவு, பேச்சும் குறைவு.

“வாங்க, உக்காருங்க. கலரு வாங்கியாரச் சொல்லட்டுங்களா?”

“அதெல்லாம் வேணாங்க. தண்ணி போதும்,” என்றார் வக்கீலம்மா. “நான் வக்கீலா வரல. உங்க தம்பியோட சிநேகிதமா வந்திருக்கேன்.”

அண்ணன் தம்பிகளின் அம்மா உள்கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்டக்டரின் மனைவி சற்றுத் தள்ளி, முந்திரிச் சாக்கின் ஓரத்தில் குந்தியிருந்தார். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சீட்டு எடுப்பதையும், அடுத்தவருக்காகப் பேசுவதையும், சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது என்பதையும் நான்தான் விளக்கினேன். முடிந்தவரை வரிசையாகச் சொன்னேன். அண்ணன் தலை குனிந்து கேட்டார்.

“அப்ப இது எந் தம்பி பேசுனது இல்லங்கிறீங்க.”

“அவர் பேசுனதுதாங்க. அவருக்காகப் பேசல. வெளிநாட்டுல ஒருத்தர், ரொம்ப நாளைக்கு முன்னாடி...”

“கொரலு எந் தம்பிது. மரம் எங்க தாத்தா வச்சது. கொல்லை எங்களுது. இதுக்குள்ள வெள்ளக்காரன் எங்கங்க வந்தான்?”

“அதுதாங்க அவரோட தெறமை,” என்றார் பாய்.

“அது தெரியும். சின்னப் புள்ளையிலயே பேசிப்புடுவான்.” அண்ணன் முகத்தில் ஒரு கணம் என்னவோ அசைந்து அடங்கியது. “சரிங்க. அது வேசம்னே வச்சுக்குவோம். நெஜமா என்ன நெனச்சான்? அதச் சொல்லுங்க. பிரிச்சுக் குடுக்கணும்னு நெனச்சானா? நெனச்சான்னு சொல்லுங்க, இப்பவே போடுறேன்.”

மனைவி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு சொல் போதும். அந்த மாதிரிச் சொல்லை உருவாக்க எங்களுக்குத் தெரியும். அவர் குரலிலேயே, அவர் உதாரணத்தோடேயே, ஒரு மணி நேரம் நான் பேசியிருப்பேன். அவர் அப்படி நினைத்தார் என்று இவர்கள் எல்லோரும் நம்பியிருப்பார்கள். பிறகு அதுவும் இந்த வீட்டில் அவருடைய குரலாகவே இருந்துவிடும்.

“தெரியலைங்க,” என்றேன்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

“தெரியலன்னா, தெரிஞ்சத வச்சுக்குவோம்,” என்று அண்ணன் போனை எடுத்தார். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

கண்டக்டரின் குரல் வாசலில் விழுந்தது. மின்விசிறி, நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு அவர். எங்க கொல்லையில நிக்கிற முந்திரி மரம். உள்கதவில் அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு ஓட்டு இல்லையா, என்று குரல் கேட்டது.

“இருக்கட்டும்,” என்றார் மனைவி. கண் இன்னும் மூடித்தான் இருந்தது. “ஓட்டு இருந்தா வந்து போடட்டும். மை வைக்க வெரலு வேணும்ல?”

அண்ணன் நிமிர்ந்தார். போன் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பொறக்காதவன் வந்து கேப்பானே.

“பொறக்காதவன் கேக்கறப்ப சொல்லிக்கலாம். பொறந்தது ஒண்ணு ஸ்கூலுக்குப் போகணும். அத மொதல்ல கேளுங்க.”

“நீ யாருகிட்டம்மா பேசுற?” என்றார் அண்ணன்.

“இவருகிட்டத்தான். வேற யாருகிட்ட, மாமா? சனிக்கெழமையானா வேற என்ன வேல எனக்கு? ‘நீ எதிர்த் தரப்பு, எங்க, மடக்கு பாப்போம்’னு அடுப்பாண்ட வந்து நிப்பாரு. நான் தாளிச்சுக்கிட்டே மடக்குவேன். இந்த மை வெரலுக் கதைய அன்னைக்கே சொன்னேன். சிரிச்சிட்டு, ‘இத நாளைக்கு வக்கீலம்மா கேட்டா நான் தொலஞ்சேன்’ன்னாரு.”

வக்கீலம்மா தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

யாரும் போனை நிறுத்தவில்லை. கைதட்டல் வந்தது, எங்களுடையது. அது ஓய்ந்ததும் வக்கீலம்மா ஏதோ ஆட்சேபம் சொல்லக் கையைத் தூக்கியிருக்க வேண்டும். அது பதிவில் தெரியாது. கண்டக்டரின் குரல் மட்டும் பணிவாகச் சொன்னது: “சொல்லுங்க. சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

வாசலில் இருந்த ஒவ்வொருவரும் அதைக் கேட்டோம். நான் அந்தப் பதிவை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியம் இதுவரை எனக்குக் கேட்டதே இல்லை.

மனைவி கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார். அண்ணனுடைய உள்ளங்கையில் அது வெளிச்சமாக இருந்தது.

“கொல்லை வேணாம்னு நான் சொல்லலைங்க,” என்றார். அவர் குரல் மாறிவிட்டது. வாதாடும் குரல் இல்லை. “மரத்த வெட்டப் போறேன்னும் சொல்லல. இந்த வூட்ல இருந்துக்கிட்டு தெனமும் நீங்க பேசுறத நான் கேக்கணும். சோத்துல கை வச்சா பேசுறீங்க. பேசுற நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியல. என்னால முடியலைங்க. நான் போறேன். விடுங்க.”

பதிவில் வக்கீலம்மாவின் ஆட்சேபம் தூரத்தில் கேட்டு முடிந்தது. அது நேரம் முடிகிற தறுவாய். அன்றைக்குக் கடைசி பஸ் அவசரம் கண்டக்டருக்கு.

“சரிதான்,” என்றது அவர் குரல். “இதுக்கு அடுத்த மாசம் பதில் சொல்றேன்.”

அத்தோடு நின்றது.

காயும் கொட்டைக்கு ஒரு கோழி வந்தது. அதை யாரும் விரட்டவில்லை. உள்கதவிலிருந்து அம்மா பேசினார்.

“அடுத்த மாசம் வரைக்கும் அவளப் புடிச்சு உக்கார வச்சு என்னடா பண்ணப் போற? அவன் எந்த மாசம் வர்றது? போட்டுக் குட்றா.”

அண்ணன் எழுந்து உள்ளே போனார். பானைமூடிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

“பத்திரத்த எழுதச் சொல்லுங்க,” என்று வக்கீலம்மாவிடம் சொன்னார். பிறகு தம்பி மனைவியிடம், அவரைப் பார்க்காமல்: “புள்ளைய லீவுக்கு அனுப்பு.”

“நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க, மாமா. நான் அனுப்பமாட்டேன். நீங்கதான் வரணும்,” என்றார் அவர்.

வைகாசியில் பாகப்பிரிவினை பதிவானது. கண்டக்டரின் மனைவி சாலை ஓரத்துப் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தாத்தா வைத்த மரங்கள் அண்ணன் பக்கம். மகளோடு அவர் இப்போது பெரம்பலூரில் இருக்கிறார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சில நாள் பார்ப்பேன். வட்டத்துக்கு வரச் சொல்லி வக்கீலம்மா கூப்பிட்டார். “அங்க எதுக்குக்கா? நான் இப்பத்தான் என் பேச்சப் பேச ஆரம்பிச்சிருக்கேன்,” என்றாராம். வட்டம் நடக்கிறது. விதியை எடுத்துவிடலாமா என்று ஒரு முறை பேசினோம். பேசும்போதே ஒருவருக்கொருவர் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்ற கூச்சம் வந்துவிட்டது. சீட்டு எடுத்தோம்.

பத்திரம் பதிவான அன்றைக்கே அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் நின்று, போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பாப்பா, எல்லாத்தையும் நீதான் ரெக்கார்டு பண்ணுவியாம்ல. அவன் சும்மா பேசுனது எதாச்சும் இருக்கா? அந்த ஆளா இல்லாம, அவனா?”

ஒரு வாரம் எல்லாப் பதிவுகளையும் கேட்டேன். கூட்டம் தொடங்கி எல்லோரும் அவரவர் ஆளாக மாறிய பிறகுதான் நான் பதிவை அழுத்துவேன். முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அது என் ஒழுங்கு. கண்டக்டர் வந்து உட்கார்ந்து வெயிலைப் பற்றிச் சொன்னது, மகளுக்குச் சளி என்று சொன்னது, கிளம்பும்போது படியில் நின்று சிரித்தது எதுவும் அதில் இல்லை. அண்ணனிடம் அப்படியே சொன்னேன்.

“பரவால்ல,” என்றார். “அந்த ஆளாவே இருக்கறத எல்லாம் அனுப்பு. அதுக்குள்ள எங்கயாச்சும் அவன் இருப்பான்.”

அனுப்பினேன். அவர் கொல்லையில் உட்கார்ந்து கேட்பார் போல. ஞாயிறு மதியங்களில் எனக்குச் செய்தி வரும். பதிவின் எண்ணையும் நிமிடத்தையும் குறிப்பிட்டு, இந்த இடத்தில் நாற்காலியை இழுத்தது தம்பியா, இந்த இடத்தில் ‘ம்’ கொட்டுவது தம்பியா என்று கேட்பார். சிலவற்றுக்கு ஆமாம் என்று எழுத முடிகிறது. பலவற்றுக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறேன்.

போன வாரம் ஒன்று கேட்டிருந்தார். பாய் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ இரண்டு முறை இருமுகிறார்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் இருமல் வரும், கேட்டதும் தெரிந்துவிட்டது, அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன், அவனேதான் என்கிறது, என்று எழுதியிருந்தார்.

அந்த இருமல் என்னுடையது. ஆலைத் தூசி. நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.